முற்றவெளிக் கூட்டமும் சீனிப் பணிசும்

என்னோடு ஒத்த வயதுக்காரர் இனிக் கொஞ்சப் பேர்தான் மிச்சம். அந்தக் கொஞ்சப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருகோணமலையில் வெள்ளைக்காரனின் கடற்படை இருந்த கடைசிக் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காலையில் டொக்யார்ட் சங்கு ஊத, ஊர் முழுவதும் மணிக்கூட்டைச் சரிபார்க்கும். கப்பல்களின் எண்ணெய் வாடை எங்கள் ஒழுங்கை வரை வரும். பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்னைப் ‘பொய்க்காரி’ என்று கூப்பிட்டதும் ஞாபகம் இருக்கும். அதற்காக உங்கள்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அப்போது இருந்தது, நிறையவே இருந்தது. அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று உங்களில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. எனக்கு எழுபத்தொன்பது வயதாகிறது. இனியும் இதைப் பொத்தி வைத்திருந்து என்ன செய்யப் போகிறேன்?

என் அப்பா டொக்யார்ட்டில் கணக்கெழுதும் கிளாக்கர். பேருக்குத்தான் கிளாக்கர், உண்மையான வேலை, ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. துரைமாருக்கு இங்கிலீசு மட்டும்தான் தெரியும். வேலையாட்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள், மற்றவர்கள் தென்பகுதியிலிருந்து வந்த சிங்களவர். அப்பாவுக்கு மூன்று பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. ஒருநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது நானே பார்த்தேன். துரை முகமெல்லாம் சிவந்து ஏதோ கத்தினார். அப்பா வேலையாட்களிடம், “துரை கொஞ்சம் கெதியாச் செய்யட்டாம்” என்றார். அதற்கு ஒரு வேலையாள் துரையின் தாயையும் தகப்பனையும் இழுத்து ஏசினார். அப்பா அதைக் கேட்டு, துரையிடம் இங்கிலீசில் இரண்டு வசனம் சொன்னார். துரை தலையாட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “அப்பா, அந்த ஆள் துரையை ஏசினவர்தானே? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நாலு மணிக்குள்ள முடிச்சுத் தருவினமாம் எண்டு சொன்னனான்.”

“அது பொய்தானே?”

அப்பா தேத்தண்ணியைக் கோப்பைக்குக் கோப்பை ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். “கொதிக்கக் கொதிக்க ஆரும் குடிக்க ஏலுமே, பிள்ளை? நடுவில நிக்கிறவன் ஆத்தித்தான் குடுக்கவேணும். நாலு மணிக்கு முடிச்சவை தெரியுமோ?” என்றார்.

எங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு சிங்களக் குடும்பம். குடும்பத் தலைவர் தெற்கே காலி என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து பேக்கரி போட்டவர். பாண் சுட்டு விற்பதால் நான் அவரைப் பாண் மாமா என்பேன். அவருடைய மகளுக்கு என் வயது. பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மாவின் வாசமும் போறணைக்குள் எரியும் விறகின் சூடும் கலந்த அந்த இடத்தில், மாச்சாக்கின் மேல் இருந்துகொண்டு நாங்கள் இருவரும் ஒருவர் பாஷையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். சிங்களத்தின் முதல் எழுத்தை, பலகையில் சிந்தியிருந்த மாவில் விரலால் எழுதிக் காட்டியவர் பாண் மாமாதான். நாங்கள் சண்டை பிடித்தால் அவள் தமிழில் ஏசுவாள், நான் சிங்களத்தில் ஏசுவேன். ஏசுவது மற்றவளுக்கு நன்றாக விளங்க வேண்டுமே!

ஐம்பத்தாறாம் வருசம் பங்குனியில் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் குடைச் சின்னத்துக்கும் ஏணிச் சின்னத்துக்கும்தான் போட்டி. குடைக்காரர் கொழும்பில் இருந்த பெரிய கட்சி. அவர்களுக்காக நின்றவர் எங்கள் ஊர்த் தமிழர், வழக்குப் பேசும் ஒரு அப்புக்காத்தர். ஏணிக்காரர் தமிழருக்கென்று தனியாக நின்ற கட்சி. கோட்டைப் பக்கத்து மான்கள் ஊருக்குள் வந்து, மதிலில் ஒட்டிய நோட்டீசுகளை மாப்பசையின் ருசிக்காக உரித்துத் தின்னும். குடை, ஏணி என்று அவை பார்க்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்து ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட முஸ்லிம் அண்ணர், நாங்கள் ‘ஒலிபெருக்கிக் காக்கா’ என்று கூப்பிட்டவர், அவரும் அப்படித்தான். ஒருநாள் குடைக்காரரின் வான் வண்டியில் ஒலிபெருக்கிப் புனல் கட்டுவார், மறுநாள் ஏணிக்காரரின் வண்டியில். அம்மா அதைக் கேட்டுப் பகிடி பண்ணினால், “பெட்டரிக்குக் கட்சி தெரியாது, தங்கச்சி” என்பார்.

எங்கள் தமிழ் வாத்தியார் ஏணியின் பெரிய பேச்சாளர். எனக்குப் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி தந்தவரும் அவர்தான். அவர் கெட்டிக்காரி என்று ஒருதரம் சொன்னால் எனக்கு ஒரு கிழமைக்குப் போதும். மேடையில் ஏறினால் அவர் வேறு ஆள். அந்நியன் எங்கள் மண்ணில் ஒரு பிடியும் அள்ள விடமாட்டோம் என்று தொண்டை நரம்பு புடைக்க முழங்குவார். மறுநாள் காலையில் பேக்கரி வாசலில் நின்று, “நல்லா முறுகினதாப் பாத்து ரெண்டு றாத்தல் தாரும், பாஸ்” என்பார். பாண் மாமாவும் முறுகலாகவே பார்த்துக் கொடுப்பார். இரண்டும் ஒரே வாய்தான் என்பது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை.

குடைக்காரருக்காகப் பேசக் கொழும்பிலிருந்து ஒரு தலைவர் வருவதாக இருந்தது. அவர் சிங்களத்தில் பேசுவார், யாராவது தமிழில் சொல்லவேண்டும். அப்புக்காத்தர் வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டார். அவர் போனதும் அம்மா, “இஞ்சருங்கோ, டொக்யார்ட் வேற, மேடை வேற. இந்த வேலை உங்களுக்கு வேண்டாம்” என்றா. அப்பா சிரித்தார். அவருக்கு அது பெருமை. அலுமாரியிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து, பூச்சி உருண்டை மணம் போக வெயிலில் போட்டார்.

கூட்டம் பின்னேரம் முற்றவெளித் திடலில் நடந்தது. மேடைக்கு வலப்பக்கம் தென்பகுதித் தொழிலாளர்கள், இடப்பக்கம் தமிழரும் முஸ்லிம்களும். பேக்கரி மகளும் நானும் முன்னால் பாயில் இருந்தோம். பாண் மாமா வெறுங்கூடையோடு எங்களுக்குப் பின்னால் நின்றார். தலைவர் முதலில் ஒழுங்காகத்தான் பேசினார். அரிசி விலை, ஆஸ்பத்திரி, அப்புக்காத்தரின் நல்ல குணம். அப்பா வசனம் வசனமாகத் தமிழில் சொன்னார். பிறகு வலப்பக்கத்திலிருந்து விசில் வந்தது. தலைவருக்குச் சூடு ஏறிவிட்டது. ஒரு தமிழருக்கு வாக்குக் கேட்க வந்ததையே மறந்துபோனார். வெள்ளைக்காரன் விட்டுப்போகும் ஒவ்வொரு வேலையும் நம் இனத்துக்குத்தான், நம் மொழி தெரியாதவனுக்கு இந்தத் துறைமுகத்தில் கயிறு இழுக்கும் வேலைகூடக் கிடையாது, பிடிக்காதவன் வள்ளம் ஏறட்டும், கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்றார். சிங்களத்தில், கையை நீட்டிக் கடலைக் காட்டி.

அப்பா லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார். “வெள்ளைக்காரர் போன பிறகு வேலைகள் எல்லாம் எங்கள் ஆட்களுக்கே என்று தலைவர் சொல்கிறார். மொழி படிப்பவர்களுக்கு இன்னும் வாய்ப்பு உண்டாம். கடல் எல்லாருக்கும் பொது என்கிறார்.”

இடப்பக்கம் எழுந்து கைதட்டியது. தலைவர் ஒரு கணம் திகைத்துப் பார்த்தார். தமிழரே தன் பேச்சுக்குக் கைதட்டுகிறார்கள் என்றதும் அவருக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் சுடச்சுடச் சொன்னார். அப்பா இன்னும் ஆற்றினார். இரண்டு பக்கமும் கைதட்டியது. பேக்கரி மகள் என் தொடையில் கிள்ளினாள். நானும் திருப்பிக் கிள்ளினேன். முற்றவெளி முழுவதிலும் எங்களுக்கு மட்டும் தெரிந்த பகிடி போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பாண் மாமா சிரிக்கவில்லை. கூடைத் துணியை நாலாக மடித்து, எட்டாக மடித்து, திரும்ப விரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வகுப்பில் வாத்தியார் முகம் வாடியிருந்தது. “சனம் மயங்கிப்போச்சு. கொழும்பில இருந்து வந்தவன் கடல் எல்லாருக்கும் பொது எண்டானாம். எங்கட ஆக்களே இனிக் குடைக்குத்தான் போடுவினம்” என்று கதிரையில் சாய்ந்தார்.

அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றேன். “இல்லை சேர். அவர் அப்பிடிச் சொல்லேல்லை.”

“அப்ப என்ன சொன்னவர்?”

சொன்னேன். முதலில் சிங்களத்தில், தலைவரைப் போலவே கையை நீட்டி. பிறகு தமிழில், ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல். உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். வாத்தியார் மேசை லாச்சியைத் திறந்து, ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் ஒன்றை எடுத்துத் தந்தார். அப்படியொரு பென்சிலுக்காக நாங்கள் எல்லோரும் ஏங்கியிருக்கிறோம். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பாவைக் காட்டிக் கொடுத்தேன் என்ற நினைப்பு எனக்குத் துளியும் இல்லை. பேச்சுப் போட்டியில் வென்றதாகத்தான் நினைத்தேன்.

அப்பா வேலையால் வந்தபோது செய்தி அவருக்கு முன்னமே வந்துவிட்டது. “நீ சொன்னனியோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் வாசல் படலையடியில் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். முன்னால் வாத்தியார்.

“ஐயா, நீங்கள் மரியாதையான மனிசன். நாங்கள் சண்டைக்கு வரேல்லை,” என்றார் வாத்தியார். “உங்கட மகள் சொன்னது உண்மையெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, போதும். இண்டைக்குக் கூட்டத்தில நான் மைக்கில சொல்லுறன். உங்கட பேரும் தப்பும்.”

“சொன்னால் என்ன செய்வியள்?” என்று அப்பா கேட்டார்.

வாத்தியார் பதில் சொல்லமுன், பின்னால் நின்ற டொக்யார்ட் இளைஞர் ஒருவர் முந்திக்கொண்டார். “என்ன செய்யிறதோ? வள்ளம் ஆர் ஏறுறது எண்டு காட்டுவம்.” சொல்லிவிட்டு, பேக்கரியின் புகைபோக்கியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

பிறகு அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் சொல்லி முடிக்க ஏலாது.

“பிள்ளைக்குச் சிங்களம் தெரியாது,” என்றார். “தானா ஏதோ நினைச்சுக்கொண்டு சொல்லிப்போட்டாள். நான் சொன்னதுதான் தலைவர் சொன்னது.”

“தெரியும்! எனக்குத் தெரியும்!” என்று கத்தினேன். சிங்களத்தில் சொல்லிக் காட்ட வாயெடுத்தேன். அம்மாவின் கை வந்து வாயைப் பொத்தியது. வெங்காயம் வெட்டிய கை. கண் எரிந்தது அதனாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பாண் மாமா பின்னேரப் பாணோடு வந்தார். வாத்தியார் அவரைக் கூப்பிட்டார். “இஞ்ச வாரும், பாஸ். நேற்று நீரும் நிண்டனீர்தானே. ஐயா சொல்லுறது சரியோ, பிள்ளை சொல்லுறது சரியோ?”

பாண் மாமா கூடையை இறக்கினார். அவர் சொல்லுவார் என்று நம்பினேன். மாவில் விரலால் எழுதிக் காட்டியவர் அல்லவா? எனக்குத் தெரியும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் என்னைப் பார்க்காமல், தன் உடைந்த தமிழில், “மாத்தையா சொன்னது சரி. பிள்ளைக்கு விளங்க இல்லை. சின்னப் பிள்ளைதானே” என்றார்.

கூட்டம் கலைந்தது. அவர்கள் முழுதாக நம்பியிருக்கமாட்டார்கள். ஆனால் ஒலிபெருக்கியில் சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. அன்றைக்கு ஒழுங்கையில் ஒரு கல்லும் விழவில்லை. நான் குசினிக்குள் போய், விறகு அடுக்கின் பின்னால் இருந்து அழுதேன். அப்பா வந்து, “பிள்ளை” என்றார். நான் திரும்பவில்லை.

அடுத்த நாள் வாத்தியார் கையை நீட்டிப் பென்சிலைத் திருப்பி வாங்கினார். அன்றைக்குத்தான் நீங்கள் எனக்குப் பெயர் வைத்தீர்கள்.

ஒரு கிழமைக்குப் பிறகு கொழும்புப் பத்திரிகை ஒன்றில் அந்தக் கூட்டத்தைப் பற்றி வந்திருந்தது. தலைவர் பேசியது அப்படியே இருந்தது, வள்ளம் உட்பட. அதைத் திருகோணமலைத் தமிழர்கள் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றார்கள் என்றும் இருந்தது. அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். “பேச்சை ஆத்தினன். கைதட்டினதை நான் யோசிக்கேல்லை, இஞ்சரும்” என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கு நல்லா வேணும் என்று நினைத்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். இப்போது யோசித்தால், அப்பா செய்தது சரி என்றும் என்னால் சொல்ல ஏலவில்லை. அன்று இடப்பக்கம் இருந்தவர்களுக்குத் தங்களைப் பற்றிச் சொல்லப்பட்டதை அறிய உரிமை இருந்தது. அதை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டைக் காப்பாற்ற என்று எடுத்தாலும் எடுத்ததுதான்.

அந்த நாள்களில் இன்னொன்றும் நடந்தது. தினமும் பின்னேரம் எங்கள் பாணோடு ஒரு சீனிப் பணிசும் வரத் தொடங்கியது. நாங்கள் கேட்டதில்லை. மேலே சீனி மினுங்கும், தொட்டால் சுடும். பாண் மாமா அதைத் தனியாகக் கடதாசியில் சுற்றி, “சின்னப் பிள்ளைக்கு” என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான் ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. ஒழுங்கை முனைக்குக் கொண்டுபோய் மானுக்குப் போடுவேன். அப்பா அதை ஒருநாள் பார்த்தார். பேக்கரிக்கும் போவதை விட்டேன். பேக்கரி மகள் இரண்டு தரம் படலையடிக்கு வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

தேர்தலில் எங்கள் ஊரில் ஏணி வென்றது. நாட்டில், தென்பகுதியில் யார் அதிகம் சத்தம் போட்டார்களோ அவர்கள் வென்றார்கள். ஆனியில் சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம் வந்தது. வேறு ஊர்களில் தமிழருக்கு அடி விழுந்த செய்தி வரத் தொடங்கியது. ஒரு பின்னேரம், செக்கல் பொழுதில், எங்கள் ஆட்கள் பேக்கரிக்குக் கல்லெறிந்தார்கள். எங்கள் ஆட்கள்தான்; அதை வேறு விதமாக எழுத நான் அப்பா இல்லை. அப்பா ஓடிப்போய் வாசலில் நின்று கையை விரித்தார். ஒரு கல் அவருடைய தோளில் பட்டது. வாத்தியார் தன் படலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எறியவில்லை, மறிக்கவும் இல்லை. போறணையின் முகப்பு உடைந்தது, மாச்சாக்குகள் கிழிந்தன. காலையில் பார்க்க, ஒழுங்கையில் சிந்திய மாவை மான்கள் நக்கிக்கொண்டு நின்றன.

பாண் மாமா காலிக்கே திரும்பிப் போவதென்று முடிவெடுத்தார். ஒலிபெருக்கிக் காக்கா தன் வான் வண்டியில் அவர்களுடைய பெட்டிகளை ஸ்டேசனுக்கு ஏற்றிக்கொண்டு போனார். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் வரமாட்டேன் என்றேன். “வா, பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

ஸ்டேசனில் கோச்சி நின்றது. பொலிஸ்காரர், பயணிகள், எங்கள் ஒழுங்கைச் சனம் சிலர், அன்று படலையடியில் நின்ற இரண்டு மூன்று பேர்கூட அங்கே இருந்தார்கள். பேக்கரி மகள் யன்னலோரம் இருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள். எல்லாம் உன்னால்தான் வந்தது, நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் வீடு இருந்திருக்கும், இனி உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றாள். ஏசுவதென்றால் தமிழில் ஏசுகிறவள், அன்று சிங்களத்தில் ஏசினாள். விளங்காத மாதிரி இருக்க எனக்கு ஒரு வழி விட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

அப்பா எனக்கும் யன்னலுக்கும் நடுவில் நின்றார். தோளில் கட்டு. சனம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிங்களம் தெரியாதென்று அவர்கள் முன்னால் சொன்னவர் அல்லவா? குனிந்து என்னிடம், “உன்னை மறக்கமாட்டாளாம். காலிக்கு வந்தால் வீட்டை வரட்டாம்” என்றார்.

எனக்குத் தெரியும் என்று கத்தியவள் நான். இன்னொருதரம் கத்தியிருக்கலாம். பொய்க்காரி என்ற பெயரை அந்த இடத்திலேயே கழுவியிருக்கலாம். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். தலையாட்டினேன், அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது போல.

“அப்பா, மாமாட்டச் சொல்லுங்கோ,” என்றேன். “அவர் தந்த பணிஸ் ஒண்டையும் நான் தின்னேல்லை. எல்லாத்தையும் மானுக்குத்தான் போட்டனான். அதைச் சொல்லுங்கோ.” அதற்குள் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்பா நிமிர்ந்து பாண் மாமாவிடம் சிங்களத்தில் சொன்னார். பணிஸ் எல்லாம் மிகவும் நன்றாக இருந்ததாம், ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லையாம் என்றார்.

பாண் மாமா தோளில் கிடந்த கூடைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். கோச்சி அசைந்தது. தமிழ் என்னளவு தெரிந்த அவள் யன்னலுக்கு உள்ளேயும், சிங்களம் அவளளவு தெரிந்த நான் வெளியேயும், கண்ணுக்கு எட்டும் வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் அப்பாவைத் திருத்தவில்லை.